மழை வெறித்தால் வயல் காயுமா?

2020 ஜனவரி 20. வேல்ஸ் கடற்கரையில் உள்ள மம்பிள்ஸ் வானிலை நிலையத்தில் காற்றழுத்தம் 1050.5 ஹெக்டோபாஸ்கல் எனப் பதிவானது. 1957-க்குப் பிறகு பிரிட்டன் அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தைக் கண்டதில்லை. 1902 ஜனவரி 31 அன்று ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பதிவான 1053.6தான் இன்றுவரை அந்நாட்டின் உச்சம். மம்பிள்ஸ் அதை நெருங்கிவிட்டு நின்றது.

வானிலையைப் பின்தொடர்பவர்களுக்கு அது மறக்க முடியாத நாள். உழவர்களுக்கு அதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருந்தது. முந்தைய செப்டம்பர் கடைசியிலிருந்தே இங்கிலாந்தின் வயல்களை மழை விட்டபாடில்லை. நவம்பர் 7 அன்று கொட்டிய மழையில் தெற்கு யார்க்‌ஷயரில் டான் ஆறு கரை புரண்டு ஃபிஷ்லேக் கிராமத்துக்குள் புகுந்தது. அக்டோபரில் விதைத்து முடித்திருக்க வேண்டிய குளிர்காலக் கோதுமை பல பண்ணைகளில் இன்னும் மூட்டையிலேயே இருந்தது. தோண்டாத உருளைக்கிழங்கு சேற்றுக்குள் கிடந்தது. இப்போது மழை வெறித்துவிட்டது. உயர் அழுத்தம் நிலைகொண்டுவிட்டது. இனி நிலம் காய்ந்து டிராக்டர் இறங்குமா?

காற்றழுத்தமானியைப் பார்த்தால் காயும் என்றுதான் தோன்றும். மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. குளிர்காலத்தில் உயர் அழுத்தம் நிலத்துக்குச் செய்யும் பெரிய உதவி ஒன்றே ஒன்றுதான்: புதிதாகத் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்கிறது. ஏற்கெனவே மண்ணில் நிற்கும் தண்ணீரை எடுத்துப் போகும் வேலையை அது பெரும்பாலும் செய்வதில்லை.

அழுத்தம் கூடும்போது நடப்பது

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தமிழ்நாட்டுச் செய்திகளில் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்ற சொல் அடிபடாத வாரமே இருக்காது. அதன் நேரெதிர்தான் உயர் அழுத்த மண்டலம். தாழ்வு மண்டலத்தில் காற்று மேலெழுகிறது; மேலே போகப் போகக் குளிர்கிறது; அதிலுள்ள நீராவி மேகமாகி மழையாக இறங்குகிறது. உயர் அழுத்தத்தில் காற்று மேலிருந்து மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்துவதால் சூடாகிறது. சூடாகும் காற்றில் மேகம் தங்காது. அட்லாண்டிக் கடலிலிருந்து அடுத்தடுத்து வரும் தாழ்வு மண்டலங்களும் இதைச் சுற்றிக்கொண்டு விலகிப் போகின்றன. ஒருமுறை நிலைகொண்டால் ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கும் மேலே அசையாமல் நிற்கும்.

கோடையில் இதனால் கிடைப்பது பளீரென்ற வெயில். குளிர்காலத்தில் கதை மாறுகிறது. கீழிறங்கும் வறண்ட, சூடான காற்று தரைவரை வருவதில்லை. சில நூறு மீட்டர் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றோ குளிர்ந்தும் ஈரத்துடனும் இருக்கிறது. வழக்கமாக உயரம் போகப் போகக் குளிரும். இங்கே மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர். வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது மேலெழாது. ஈரமான வயலிலிருந்து கிளம்பிய நீராவியும், கடலிலிருந்து வந்த ஈரமும் தரையோடு தேங்குகின்றன. விளைவு: மூடுபனி, அல்லது நாள் முழுக்க நகராத சாம்பல் மேகம்.

2024 நவம்பரின் முதல் வாரம் இதற்கு நல்ல சான்று. பிரிட்டன் மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்திருந்தது, மழையும் குறைவு. ஆனாலும் பல இடங்களில் நாள்கணக்கில் சூரியனே தலைகாட்டவில்லை. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. காற்றும் அசையவில்லை. மழையில்லா நாள் வேறு, காயும் நாள் வேறு என்பதை அந்த வாரம் தெளிவாகக் காட்டியது.

வெயிலின் வரவு செலவு

சரி, மேகமே இல்லாமல் வானம் தெளிந்துவிட்டால்? அப்போதாவது காயுமா? அதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் என்பது 1 மி.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். தெற்கு இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் ஒரு நாளில் விழும் சூரிய ஆற்றல் சராசரியாக 2 மெகாஜூல் அளவுதான். அது முழுவதும், துளியும் வீணாகாமல், ஆவியாக்கும் வேலைக்கே போனாலும் ஒரு நாளில் 1 மி.மீ. கூடப் போகாது. ஜூன் மாதத்தில் அதே இடத்தில் அந்த ஆற்றல் 18 மெகாஜூலை எட்டுகிறது, ஒன்பது மடங்கு.

இத்தனை வேறுபாட்டுக்குக் காரணம் சூரியன் ஏறும் உயரம். டிசம்பர் 21 அன்று நண்பகலில் சென்னையில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 53 டிகிரிக்குச் சற்று அதிகமான உயரத்தில் நிற்கும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 52-ஆம் அட்சக்கோட்டில் அன்று அது எட்டும் உச்சம் 14 அல்லது 15 டிகிரி. பகல்பொழுதே எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. சாய்ந்து விழும் அந்த ஒளி நிலத்தில் பரந்து மெலிந்துவிடுகிறது.

வரவு இவ்வளவுதான் என்றால், செலவு அதைவிடப் பெரிது. தெளிந்த வானத்தின் கீழ் நிலம் தன் வெப்பத்தை இரவெல்லாம் விண்வெளிக்குக் கதிர்வீசி இழக்கிறது. குளிர்காலத்தில் அந்த இரவு பதினாறு மணி நேரம் நீள்கிறது. தெளிவான டிசம்பர் நாளொன்றில் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கை முடித்துப் பார்த்தால், நிலம் பெற்ற ஆற்றலைவிட இழந்ததே அதிகம். ஆவியாக்கச் செலவிட அதனிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. குளிர்ந்த மண்ணின் மேலும் புல்லின் மேலும் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக, உறைபனியாகப் படிகிறது. அளவு சிறியதுதான். ஆனால் தண்ணீர் போகிற திசை மாறிவிடுகிறது. வயலிலிருந்து காற்றுக்குப் போக வேண்டியது காற்றிலிருந்து வயலுக்கு வருகிறது.

இந்தக் கணக்கைச் சமன்பாடாக எழுதித் தந்தவர் ஹோவர்ட் பென்மன் என்ற இயற்பியலாளர். லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பன்டனில் உள்ள ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், திறந்த நீர்ப்பரப்பிலிருந்தும் வெற்று மண்ணிலிருந்தும் புல்லிலிருந்தும் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது என்பதை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை 1948-இல் வெளியிட்டார். சூரிய ஆற்றல், வெப்பநிலை, காற்றின் வேகம், காற்றின் ஈரப்பதம் என்ற நான்கு செய்திகள் கையில் இருந்தால் போதும், ஆவியாகும் அளவைக் கணித்துவிடலாம் என்று அவர் காட்டினார். 1965-இல் ஜான் மான்டீத் அதைப் பயிர்களுக்கு ஏற்றபடி விரிவாக்கினார். பென்மன்-மான்டீத் என்று இருவர் பெயரையும் தாங்கிய அந்தச் சமன்பாட்டைத்தான் உலக உணவு வேளாண்மை அமைப்பு 1998-இல் பயிர் நீர்த்தேவைக்கான பொது அளவுகோலாகப் பரிந்துரைத்தது. இந்தியா உட்படப் பல நாடுகளின் பாசனக் கணக்குகளில் இன்று அது பயன்படுகிறது.

பென்மனின் நான்கு செய்திகளையும் குளிர்கால உயர் அழுத்தத்தோடு வைத்துப் பார்த்தால் விடை தானாக வந்துவிடும். சூரிய ஆற்றல் சொற்பம். வெப்பநிலை உறைநிலையை ஒட்டி. காற்று அசைவற்றது. ஈரப்பதமோ நூறு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான்குமே ஆவியாதலுக்கு எதிர்ப்பக்கம் நிற்கின்றன. இங்கிலாந்தின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஒரு நாளைக்கு ஆவியாகும் தண்ணீர் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஜூனில் அது 3 மி.மீ. அளவுக்கு உயர்கிறது.

தண்ணீர் போகும் இரண்டு வழிகள்

நிலத்திலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டே வழிகள்: கீழ்நோக்கி வடியலாம், மேல்நோக்கி ஆவியாகலாம். துவைத்த வேட்டியைப் பிழியாமல் கொடியில் போட்டால் முதலில் சொட்டுச் சொட்டாக வடியும். சிறிது நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். ஆனால் வேட்டி காய்ந்திருக்காது. அதன்பிறகு வெயிலும் காற்றும் வந்தால்தான் காயும். மண்ணும் அப்படியே.

கனமழை பெய்து மண்ணின் துளைகள் எல்லாம் நிரம்பியிருக்கும்போது, பெரிய துளைகளில் நிற்கும் தண்ணீரைப் புவியீர்ப்பு கீழே இழுத்துவிடும். சிறிய துளைகளில் இருப்பதை மண்துகள்கள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. வடிவதெல்லாம் வடிந்து, பிடித்துவைத்தது மட்டும் மிஞ்சும் அந்த நிலைக்கு 'வயல் கொள்திறன்' என்று பெயர். அதற்குக் கீழே ஈரத்தைக் குறைக்கப் புவியீர்ப்பால் ஆகாது. வேரோ வெயிலோதான் அதை எடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பெரும்பாலான வயல்கள் நவம்பர், டிசம்பர் வாக்கில் கொள்திறனை எட்டி, மார்ச் அல்லது ஏப்ரல் வரை அதே நிலையில் இருக்கின்றன. ராதம்ஸ்டெட்டில் 1870-இல் கட்டப்பட்ட மூன்று வடிநீர் அளவிகள் இதைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டி வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள, கலைக்கப்படாத மண் தொகுதி. ஆழம் 20, 40, 60 அங்குலம். மேலே பயிர் ஏதும் இல்லை. அடியில் வடியும் தண்ணீரைச் சேகரித்து அளக்கிறார்கள். கோடையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது; குளிர்காலத்தில் பெய்யும் மழையில் பெரும்பகுதி அடிவழியே வெளியேறுகிறது. குளிர்காலத்தில் காய்வது என்றால் அது கீழ்நோக்கித்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆகவே, மழை நின்ற ஒரு வாரத்தில் வயல் எவ்வளவு தேறும் என்பதைக் காற்றழுத்தமானி சொல்லாது. காலடியில் இருக்கும் மண் சொல்லும்.

ஹாம்ஷயர், வில்ட்‌ஷயர் மேட்டு நிலங்களில் மண்ணுக்கு அடியில் சுண்ணப்பாறை. அதன் வெடிப்புகள் வழியே தண்ணீர் விரைந்து இறங்கிவிடும். மழை விட்ட இரண்டு மூன்று நாளில் அங்கே நடக்கலாம். வாரக் கடைசியில் டிராக்டரும் போகலாம். அங்குள்ள உழவருக்கு ஜனவரி உயர் அழுத்தம் நிஜமாகவே ஒரு வரம். எசெக்ஸ், சஃபோக் பகுதிகளில் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய கனத்த களிமண். அதில் பெரிய துளைகள் குறைவு. தண்ணீர் நகரும் வேகம் மிகக் குறைவு. வடிந்து முடியவே வாரங்கள் பிடிக்கும். வடிந்த பிறகும் மண் குழைவாகவே இருக்கும். மேல்மண் உழவுப் பதத்துக்கு வர இன்னும் ஒரு 10 மி.மீ. தண்ணீர் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஜனவரியின் கணக்கில் அதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் ஒரு சொட்டு மழைகூட விழாமல் இருந்தால். ஏப்ரல் மாத வெயிலுக்கும் காற்றுக்கும் அதே 10 மி.மீ. ஒரு வார வேலை.

வெள்ளம் தேங்கிய நிலத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். 2013-14 குளிர்காலத்தில் தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் தாழ்நிலங்கள் வாரக்கணக்கில் நீரில் மூழ்கின. மச்செல்னி கிராமம் தீவாகிப் போனது. மக்கள் படகில் போய் வந்தார்கள். அப்படித் தேங்கிய தண்ணீர் ஒரு வயலில் 30 செ.மீ. உயரம் நிற்கிறது என்று கொள்வோம். நாளுக்கு அரை மில்லிமீட்டர் வீதம் ஆவியாக்கி அதை வெளியேற்ற 600 நாட்கள் வேண்டும். அங்கே வயல்களை மீட்டது வானிலை அல்ல. நெதர்லாந்திலிருந்து வரவழைத்த ராட்சத பம்புகள் இரவு பகலாக ஓடித் தண்ணீரை ஆறுகளில் இறைத்தன. பிறகு பாரட், டோன் ஆறுகளில் 8 கி.மீ. நீளத்துக்குத் தூர் வாரினார்கள்.

மண்ணுக்கு அடியில் ஒரு பழைய உழைப்பு

குளிர்காலத்தில் வயல் கீழ்நோக்கித்தான் காயும் என்ற உண்மையை இங்கிலாந்தின் உழவர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அதனால்தான் களிமண் வயல்களுக்கு அடியில் குழாய் பதித்தார்கள். செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் வரி விதித்திருந்த அரசு, வயல் வடிகாலுக்கான ஓட்டுக்கு மட்டும் 1826-இல் விலக்கு அளித்தது. அதில் 'வடிகால்' என்று முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1840-களில் சுட்ட மண் குழாய்களை வேகமாகச் செய்து தள்ளும் இயந்திரங்கள் வந்தன. 1846-இல் நிலவடிகால் அமைக்க அரசுக் கடன் வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த நூற்றாண்டில் மண்வெட்டி பிடித்த கூலியாட்கள் கையாலேயே பதித்த குழாய்களில் பல இன்றும் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருக்கின்றன.

கனத்த களிமண்ணில் குழாய் மட்டும் போதாது. குண்டு வடிவ எஃகு முனையை அரை மீட்டர் ஆழத்தில் இழுத்துச் சென்று, களிமண்ணுக்குள்ளேயே ஒரு சுரங்க வழியை உருவாக்கும் கலப்பை இருக்கிறது. முனை போகும்போது மேலுள்ள களியில் வெடிப்புகள் விழும். மழைநீர் அந்த வெடிப்புகளில் இறங்கி, சுரங்கத்தில் ஓடி, குழாயைச் சேர்ந்து, வயலோரப் பள்ளத்தில் விழும். நல்ல களிமண்ணில் இப்படிப்பட்ட சுரங்க வடிகால் ஐந்து முதல் பத்து ஆண்டுவரை தாங்கும்.

ஒரே ஊரில், ஒரே மழை பெய்த, ஒரே மண் கொண்ட இரண்டு வயல்களை ஜனவரி உயர் அழுத்தத்தின் பத்தாம் நாளில் பார்த்தால் வடிகாலின் அருமை புரியும். வடிகால் இயங்கும் வயலில் நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கியிருக்கும். கோதுமை வேர்களுக்கு மூச்சு விடக் காற்று கிடைத்திருக்கும். வடிகால் அடைத்துக்கொண்ட வயலில் டயர்த் தடத்தில் இன்னும் தண்ணீர் மின்னிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் மேலே இருந்தது அதே வானம்தான்.

வடிகாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வயலிலிருந்து விரைவாக இறங்கும் தண்ணீர் ஆற்றில் விரைவாகச் சேர்கிறது; நைட்ரேட் உரத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. அதனால் ஆற்றோரத்துச் சில தாழ்ந்த நிலங்களை உழாமல் புல்வெளியாக விட்டுவிடுவதே நல்லது என்ற கருத்து அங்கே வலுத்து வருகிறது. உணவு விளைய வேண்டிய நல்ல களிநிலங்களுக்கு அந்த முடிவு பொருந்தாது.

உறைந்த நிலம் காய்ந்த நிலமா?

உயர் அழுத்தத்தோடு வரும் உறைபனி ஒரு மயக்கத்தை உண்டாக்கும். நேற்றுவரை கணுக்கால் புதைந்த வயல் இன்று காலை கல்லாக இறுகிக் கிடக்கிறது. டிராக்டர் தடையில்லாமல் போகிறது. அது காய்ந்ததால் அல்ல, உறைந்ததால். மண்ணின் மேற்பகுதி உறையும்போது கீழேயுள்ள ஈரத்தை அது மேல்நோக்கி இழுக்கிறது. மேல்மண்ணில் மெல்லிய பனிக்கட்டிப் படலங்கள் வளர்கின்றன. வெயில் ஏறி அவை உருகும்போது மேல் சில சென்டிமீட்டர் மண் முன்பைவிட அதிகச் சேறாகிவிடும். காலை ஒன்பது மணிக்குப் போன வண்டி பதினொரு மணிக்குத் திரும்பும்போது சிக்கிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

உறைந்த நிலத்தில் எருவும் உரமும் இறைத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் சட்டம் இடம் தருவதில்லை. நைட்ரேட் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய மண்டலங்கள் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில், முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உறைந்திருந்த மண்ணில் நைட்ரஜன் உரம் இடக்கூடாது. பனி உருகும்போது உரமெல்லாம் ஓடையில் போய்விடும் என்பதே காரணம்.

ஆனால் உறைபனி ஒரு நல்லதையும் செய்கிறது. இலையுதிர் காலத்தில் உழுது போட்ட களிமண் கட்டிகளுக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து விரியும்போது கட்டிகள் பிளக்கின்றன. உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி நடந்தால் வசந்த காலத்தில் அந்தக் கட்டிகள் கையால் தொட்டாலே உதிரும் பொலபொலப்பான மண்ணாகிவிடும். எந்தக் கருவியும் அவ்வளவு நேர்த்தியாக அதைச் செய்யாது. ஈரத்தைப் போக்காவிட்டாலும், மண்ணின் கட்டமைப்பைச் சீராக்கித் தருவது குளிர்கால உயர் அழுத்தத்தின் பெரிய கொடை.

காற்று எந்தப் பக்கம்?

உயர் அழுத்தம் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதன் மையம் நாட்டுக்கு நேர் மேலே இருந்தால் காற்று ஓய்ந்துவிடும், மூடுபனிதான் மிச்சம். மையம் ஸ்காண்டிநேவியாவின் மேல் இருந்து, அதன் தெற்கு ஓரம் மட்டும் பிரிட்டனைத் தொட்டால், ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து கிழக்குக் காற்று வீசும். குளிர்ந்த, வறண்ட அந்தக் காற்று தோலை வெடிக்கச் செய்யும். மேல்மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சும். ஜனவரியில்கூட அத்தகைய நாட்களில் வயலின் மேல்பரப்பு வெளிறுவதைக் காணலாம். அதுவும் மேல்பரப்பு மட்டுமே. ஒரு சாண் தோண்டினால் பழைய ஈரம் அப்படியே இருக்கும்.

நாள்காட்டி இன்னும் பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது. மார்ச் கடைசியில் நண்பகல் சூரியன் 40 டிகிரி உயரத்தைத் தாண்டிவிடும். பகல் இரவைவிட நீண்டுவிடும். புல்லும் கோதுமையும் விழித்துக்கொண்டு வேர்வழியே ஈரத்தை இழுத்து இலைவழியே வெளியேற்றத் தொடங்கும். மார்ச் மாதத்தில் ஒரு மரக்கால் புழுதி கிடைத்தால் அது ஓர் அரசனை மீட்கும் பொன்னுக்குச் சமம் என்று இங்கிலாந்தின் பழமொழி ஒன்று சொல்கிறது. அந்தப் புழுதியில்தான் வசந்தகால விதைப்பு தொடங்கும்.

ஒரே ஆண்டு, இரண்டு உயர் அழுத்தங்கள்

2020-ஆம் ஆண்டு இந்தப் பாடத்தை முழுமையாக நடத்திக் காட்டியது.

மம்பிள்ஸில் அழுத்தம் உச்சத்தைத் தொட்ட ஜனவரி நாட்களில் உறைபனியும் மூடுபனியும் இருந்தன; மழை இல்லை. வடிகால் நன்றாக இருந்த வயல்கள் கொஞ்சம் மூச்சு விட்டன. கனத்த களிநிலங்கள் ஏறக்குறைய இருந்தபடியே இருந்தன. பிப்ரவரி பிறந்தது. சியாரா, டென்னிஸ், ஹோர்ஹே என மூன்று புயல்கள் வார இறுதிகளில் வந்து தாக்கின. நாடு முழுவதற்குமான சராசரி மழை 209 மி.மீ.; 1862-இல் தொடங்கும் பதிவுகளில் அதுவே மிக அதிக மழை பெய்த பிப்ரவரி. ஜனவரியில் கிடைத்த சிறு முன்னேற்றம் சில மணி நேரத்தில் கரைந்துபோனது.

மார்ச் மாதத்தின் பிற்பாதியில் மறுபடி உயர் அழுத்தம் வந்தது. இம்முறை சூரியன் உயரத்தில் இருந்தது. வெள்ளத்தில் கிடந்த வயல்கள் சில வாரங்களிலேயே வறண்டன. அந்த மே மாதம் பிரிட்டனின் பதிவுகளிலேயே அதிக வெயில் அடித்த மாதமாக அமைந்தது. இங்கிலாந்தில் அம்மாதம் முழுவதும் சராசரியாக 10 மி.மீ. மழைகூடப் பெய்யவில்லை. இப்போது உழவருக்கு நேர்எதிரான துன்பம். பிப்ரவரிச் சேற்றில் இறுகிய களிமண் செங்கல்லாகச் சுட்டுப் போனது. தாமதமாக விதைத்த வசந்தகாலப் பயிர்கள் ஈரத்துக்குத் தவித்தன.

அறுவடையில் இதன் விலை தெரிந்தது. 2019-இல் 1 கோடியே 62 லட்சம் டன்னாக இருந்த பிரிட்டனின் கோதுமை விளைச்சல், 2020-இல் 97 லட்சம் டன்னாகச் சரிந்தது. 1981-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. முக்கியமான காரணம், இலையுதிர் காலத்தில் விதைக்க முடியாமல் போன ஏக்கர்கள்.

இது ஒருமுறை நடந்து முடிந்த விபத்தும் அல்ல. 2022 அக்டோபரிலிருந்து 2024 மார்ச் வரையிலான 18 மாதங்களில் இங்கிலாந்தில் பெய்த மழை, 1836-இல் தொடங்கும் பதிவுகளில் எந்தப் பதினெட்டு மாதங்களிலும் பெய்யாத அளவு. 2024-இல் கோதுமை விளைச்சல் மறுபடி சுமார் 1 கோடியே 11 லட்சம் டன்னுக்கு இறங்கியது. வெப்பமடையும் காற்று அதிக நீராவியைச் சுமக்கிறது; குளிர்கால மழை கனக்கிறது. இடையில் கிடைக்கும் மழையில்லா வாரங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பது ஒவ்வொரு பண்ணைக்கும் வாழ்வுப் பிரச்சினையாகிவிட்டது.

காத்திருக்கும் நாட்களின் வேலை

அந்த வாரங்களில் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு: மேலே வெளிறிவிட்டது என்று நம்பிக் கனமான டிராக்டரை இறக்குவது. ஈர மண்ணின் மேல் போகும் பாரம் பெரிய துளைகளை நசுக்கிவிடும். வடிவதற்கு இருந்த வழியே அடைபடும். மேல்மண்ணில் விழுந்த அழுத்தத்தை உழுது சரிசெய்யலாம். அரை மீட்டர் ஆழத்துக்குப் போன அழுத்தம் பல ஆண்டுகளுக்கு மாறாது. அடுத்த குளிர்காலத்தில் அதே வயல் இன்னும் முன்னதாகவே தேங்கி நிற்கும்.

பதம் பார்க்க எளிய சோதனை இருக்கிறது. மண்வெட்டியால் வேலை நடக்கவிருக்கும் ஆழம்வரை தோண்டி, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். 3 மி.மீ. தடிமனில் கயிறுபோல நீண்டு திரிந்தால் மண் இன்னும் குழைவு நிலையில் இருக்கிறது என்று பொருள், வண்டி இறங்கக்கூடாது. உருட்டும்போதே உடைந்து உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. மேல்மண்ணை மட்டும் சோதித்து ஏமாந்தவர்கள் ஏராளம் என்பதால்தான் ஆழத்திலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள்.

செய்ய வேண்டிய வேலை பள்ளங்களில் இருக்கிறது. அரசு மானியத்தோடு வடிகால் குழாய்களைப் பெருமளவில் பதித்த காலம் 1980-களின் நடுவில் முடிந்துபோனது. அதன்பின் பல பண்ணைகளில் வரைபடங்கள் தொலைந்தன. குழாய் எங்கே போகிறது என்று அறிந்திருந்த பெரியவர்களும் மறைந்துவிட்டார்கள். குழாயின் வாய் வேராலும் வண்டலாலும் மூடிக்கிடப்பது தெரியாமலே, மண் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பயிரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆற்றுக்கரைகளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத குழாய்களுக்கும் கிடைக்க வேண்டும். நாட்டின் ரொட்டி அவற்றை நம்பி விளைகிறது.

கனமழை ஓய்ந்து உயர் அழுத்தம் நிலைகொண்ட முதல் சில நாட்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. வயல் இன்னும் நிரம்பியிருக்கும். புது மழை குழப்பாது. வயலோரப் பள்ளத்தில் நடந்து போனால் எந்தக் குழாய் வாயில் தண்ணீர் கொட்டுகிறது, எதில் கசிவுகூட இல்லை என்பது வெளிப்படையாகத் தெரியும். ஓடாத வாய்களுக்கு முளைக்குச்சி அடித்து, பள்ளத்தைத் தூர் வாரி, அழுத்தமான நீர்ப்பாய்ச்சல் கொண்டு குழாயைக் கழுவிவிடலாம். வயலுக்குள் வண்டி இறங்காமல் ஓரத்திலிருந்தே செய்யக்கூடிய வேலை இது. பிப்ரவரி முடிவதற்குள் இதை முடித்த பண்ணைகளில், மார்ச் வெயில் வரும்போது மண்ணில் வடிய வேண்டியதெல்லாம் வடிந்திருக்கும். ஆவியாக வேண்டிய கடைசிச் சில மில்லிமீட்டர் மட்டுமே மிச்சமிருக்கும்.